கோவர்த்தனனின் ஈரல்

"தொண்ணூத்திரெண்டு!" ஏஜெண்ட் வீராசாமி ரிப்போர்ட்டை விசிறினார். "நாப்பதுக்குள்ள இருக்கணும்டா. ஈரல் கெட்டாத்தான் இந்த என்சைம் ரத்தத்துல ஏறும். அன்ஃபிட்! எவ்ளோ நாளா குடிச்சிக்கினு கீற?"

"சாமி சத்தியமா தொட்டதே இல்லண்ணா!"

கோவர்த்தனனுக்கு அழுகை வந்தது. நகரியில் அவன் ஓட்டிய விசைத்தறிகளை முதலாளி பழைய இரும்புக்குப் போட்டு ஆறு மாதம். குவைத்தில் கிடங்கு வேலைக்கு வந்த விசாவை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. அந்தச் சந்தோஷத்தில் திருப்பதி மலைக்கு நடந்தே ஏறிக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் கீழே வந்துதான் விசாவுக்கான மெடிக்கல் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தான். பெருமாள் கண்ணைத் திறக்கவில்லை.

வீட்டில் மனைவி வரலட்சுமி காத்திருந்தாள்.

"குடிக்காதவனுக்கு ஈரல் எப்பிடிய்யா கெடும்? எங்க போய் ஊத்திக்கினு வர?"

பதினோரு வருஷத்தில் அவள் அவனைச் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. கள்ளை முகர்ந்துகூடப் பார்க்காத மனிதன், அவள் திருப்திக்காக, கோயிலில் போய்க் குடியை விடுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் கயிற்றைக் கட்டிக்கொண்டான். தெருவே திரண்டு வந்து திருந்தியதற்குப் பாராட்டியது. வெட்கத்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"வேண்டுதல் பத்தல. மொட்டை போட்டுக்கினு மறுபடி நடந்து ஏறு" என்றாள் வரலட்சுமி.

ஏறினான். தலைமுடி போனது. மறுநாள் காலை ரத்தம் கொடுத்தான்.

"நூத்தி நாப்பத்தெட்டு!" வீராசாமி தலையில் அடித்துக்கொண்டார். "கயிறு கட்டிக்கினுமாடா குடிக்கிற? இன்னும் ஒரே ஒரு தபா. அதுக்கு மேல விசா உனக்கில்ல."

வரலட்சுமி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புத்தூரில் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். "பாஸாயிட்டு வந்து கூப்பிடு. குடிகாரனோட என்னால குப்பை கொட்ட முடியாது."

நடந்து போனதெல்லாம் சாமிக்குப் போதவில்லை என்று அவன் முடிவு கட்டினான். மூன்றாம் தடவை மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து ஒவ்வொரு படிக்கும் ஒரு நமஸ்காரம் செய்து ஏறினான். மேலே செங்குத்தான படிகளில் முட்டி போட்டே போனான். முட்டித் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பெருமாளே, என் பெண்டாட்டி பிள்ளைகளைத் திருப்பிக் கொடு என்று வாய்விட்டு அழுதான்.

மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு லேபுக்குள் போனான். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது.

"முந்நூத்திப்பத்து" என்றார் வீராசாமி. இந்தத் தடவை அவர் திட்டக்கூட இல்லை. "விசாவ வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். போய்ப் பொழைக்கிற வழியப் பாரு."

கோவர்த்தனன் லேப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டான். எழுந்து போக அவனுக்கு வீடும் இல்லை, காலும் இல்லை. ரத்தம் எடுக்கும் யமுனா கதவைப் பூட்ட வந்தாள்.

"இன்னாண்ணா, கால நீட்ட முடியலியா?"

"மலை ஏறினேம்மா. டெஸ்டுக்கு மொத நாளு எப்பவும் ஏறிட்டுத்தான் வருவேன்."

யமுனா பூட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"அய்யோ அண்ணா, நொந்துபோன கால் சதையிலருந்தும் இதே என்சைம் ரத்தத்துல ஏறும், ஒரு வாட்டியாவது சாமிய வேண்டிக்காம வீட்ல படுத்துத் தூங்கிட்டு வந்திருந்தா, இந்நேரம் நீங்க குவைத்துல இருந்திருப்பீங்க."