மூளைத் தைலமும் மூன்று மைல் ஏற்றமும்

ஒண்டிக்கடை ஊரில் அந்த மாதம் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு. மூளைச்சித்தர் வந்துவிட்டார்! அவர் தரும் தைலத்தை நாற்பத்தெட்டு நாள் உச்சந்தலையில் தேய்த்தால் மூளையில் புது செல் முளைக்குமாம். முளைத்ததை யார் எட்டிப் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் சாமி குத்தம்.

பஜ்ஜிக் கடை அருக்காணிக்கு அந்தத் தைலம்தான் கடைசி நம்பிக்கை. எத்தனை பேர் வந்து நின்றாலும் யாருக்கு என்ன என்று எழுதாமலே கொடுத்தவள், இப்போது மிளகாய் பஜ்ஜி கேட்டவருக்கு வாழைக்காய் பஜ்ஜியை நீட்டினாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் கடையை வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக மகன் சத்யராஜ் சொல்லிவிட்டான். கடை போனால் தனக்கு என்ன மிச்சம் என்று அருக்காணி அழுதே விட்டாள்.

சித்தரின் குடில் மலை உச்சியில். அருக்காணி தினமும் தைலம் தேய்த்துக்கொண்டு, மூன்று மைல் நடந்தே ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். வசதியான பக்தர்களுக்குச் சித்தர் ஜீப் விட்டிருந்தார். பணம் படைத்தவர்களுக்கு அருள் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்க வேண்டாமா?

நாற்பத்தெட்டாம் நாள் அருக்காணிக்கு ஒரு பஜ்ஜிகூட மாறவில்லை. சித்தர் சும்மா இருப்பாரா? கூட்டத்தின் முன் அவளை நிறுத்தி, எல்லாம் தன் தைலத்தின் மகிமை என்று முழங்கினார்.

அப்போது அருக்காணியின் மருமகள் மேகலா எழுந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"சாமி, உங்க தைலத்தை மொத நாளே கடை ஷட்டருக்கு ஊத்திட்டனுங்க. இப்ப ஷட்டர் சத்தமில்லாம ஏறுது. அத்தை தேய்ச்சது எங்க ஊட்டுத் தேங்காயெண்ணெய். வாசத்துக்கு ஒரு துண்டு கற்பூரம் போட்டேன்."

அருக்காணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே பயமும் வந்தது.

"அப்ப எனக்கு வந்த ஞாபகமும் பொய்யா, கண்ணு?"

மேகலா ஒரு நோட்டை விரித்தாள். முதல் நாளே, ஜீப்புக்குக் காத்திருந்த பத்துப் பேரிடமும் மாமியாரிடமும் இருபது பலகாரப் பெயரைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லி, எத்தனை வந்தது என்று எழுதி வைத்திருந்தாள். இப்போது அதே ஆட்களிடம் வேறு இருபதைச் சொன்னாள். அசல் தைலம் தேய்த்து ஜீப்பில் வந்தவர்கள் அன்று சொன்ன எண்ணிக்கையைத் தாண்டவில்லை. அன்று எட்டோடு நின்ற அருக்காணி, பதினேழைச் சொல்லி முடித்தாள்.

"பொய்யில்லைங்க அத்தை. நடந்தீங்கல்ல, அதான். சக்கரத்துல ஓடுன எலிக்கு மூளையில புது செல் முளைச்சதை ஆராய்ச்சிக்காரங்க பாத்திருக்காங்க. மனுசனுக்கும் அப்படியான்னு இன்னும் விவாதம் நடக்குது. ஆனா நடை ஞாபகத்துக்கு நல்லதுங்க."

கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் சித்தர் தன் ஜீப்பில் மலையிறங்கிப் போய்விட்டார். நடந்து போயிருந்தால் அவருக்கும் புத்தி கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

மறுநாள் கடை முன்னால் அதே கூட்டம். பஜ்ஜிக்கு இல்லை. கற்பூரம் போட்ட அந்தத் தேங்காயெண்ணெயில் ஒரு கரண்டி வேண்டுமாம்!

அருக்காணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எண்ணெய் பஜ்ஜிக்குத்தானுங்க. போய் மலையேறி நடங்க. நடக்கறப்ப, நம்மளை ஏமாத்துனது அந்த ஆளு மட்டுந்தானான்னு யோசிங்க."