அங்குலத்தில் சறுக்கிய சங்கம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் சுகம் என்றே நம்புகிறேன்.

உங்கள் தங்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு என் ஓய்வையும் பிடுங்கிக்கொண்டு பெண்கள் முன்னேற்றச் சங்கம் ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். கடலுக்கு அந்தப் பக்கம் இருபது பெண்கள் சீருடை தைத்துச் சம்பாதிப்பார்கள், இந்தப் பக்கம் வசதியில்லாத அறுபது பெண்பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள், இதுதான் திட்டம். 'எல்லை தாண்டிய பெண்கள்' என்று வாசலில் பலகை மாட்டினாள். எதிர்வீட்டு வக்கீல் அதைப் படித்துவிட்டு, "யாரு சார் ஓடிப்போனது? கேஸ் போடணுமா?" என்கிறார். வரவேற்பறை ஆபீஸாகிவிட்டது, என் சாய்வு நாற்காலி மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது, எழுந்தால் தலை இடிக்கிறது. சரி, தொலையட்டும் என்றிருந்தேன். போன வாரம் பெட்டி வந்தது. ஆசையாகப் பிரித்தால் அறுபது சட்டை, அறுபது பாவாடை, தையலில் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் ஒன்றுகூடக் கைக்குழந்தைக்கே பற்றாது! இங்கிருந்து போன அளவுத்தாளில் இடுப்பு இருபத்திநான்கு என்று இருந்ததே தவிர, அங்குலம் என்ற வார்த்தை இல்லை. அந்த ஊரில் அளவு என்றால் சென்டிமீட்டர். கேட்டிருக்கக் கூடாதா என்றால், "உங்க ஊர்ப் பிள்ளைங்க பாவம், சாப்பாடில்லாம இளைச்சுப் போச்சுங்கன்னு அழுதுக்கிட்டே தைச்சோம்" என்கிறார்களாம். தலைமையாசிரியை ஒரு சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "பொம்மைக்கெல்லாம் அட்மிஷன் கிடையாதும்மா" என்றுவிட்டார். பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. உங்கள் தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை, சங்கத்தையே கலைத்துவிடலாமா என்று யோசிக்கிறாள். நீங்கள் ஒரு நடை வந்து, "போதும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் கலைத்துவிடுவாள். என் நாற்காலியும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாடிப்படிக்கு அடியிலிருந்து
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தங்கை போனில் அந்தப் பெண்களிடம் பேசுவது காதில் விழுந்தது. "உங்க மேல தப்பில்லம்மா. அளவு எழுதினது நான்தான்" என்றாள். மச்சான், எழுதியது நான். முப்பது வருடம் சர்வே ஆபீஸில் நிலம் அளந்த அதே கை. அவள் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை, என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. திரும்பத் தைத்துக் கொடுக்க அந்தப் பெண்கள் தயார். அதனால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, கலைக்காதே என்று சொல்ல வாருங்கள். இப்போது உள்ளே போய் அவளிடம் ஒப்புக்கொள்ளப் போகிறேன். எதற்கும் கொஞ்சம் சீக்கிரமே வாருங்கள்.