நாலு சிலிண்டர் போதும்

ஒரு நல்ல சமையல்காரனை நான் திருடனாக்கினேன். அதற்கு ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை.

வேதியியல் பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. வகுப்பு இல்லாததால் அகப்பட்டவர்களுக்கெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். (பால்காரர் வரும் நேரத்தை மாற்றிக்கொண்டார்.) அந்தச் சமயத்தில்தான் என் தம்பி மகளுக்கு நெல்லித்தோப்பில் கல்யாணம். சமையலுக்கு இளங்கோவை நான்தான் சிபாரிசு செய்தேன். என் பழைய மாணவன். வேதியியலில் தவறி, கரண்டி பிடித்தவன். வேறொருவரிடம் வேலை பார்த்துவிட்டு முதல்முறையாகத் தனியாக எடுத்த கல்யாணம் அது. நன்றாக முடிந்தால் தம்பியின் நண்பர்கள் வீட்டு விசேஷங்களும் அவனுக்கு வரும் என்ற பேச்சு இருந்தது.

எங்கள் பக்கம் சமையல்காரர் கூலிக்கு மட்டும்தான் வருவார். அரிசியிலிருந்து கேஸ் வரை வீட்டுக்காரர் வாங்கித் தர வேண்டும். அதில் பாதி சமையல்காரரின் வண்டியில் ஏறிவிடும் என்று வீட்டுக்காரர் கடைசிவரை சந்தேகப்பட வேண்டும். வாங்கும் பொறுப்பைத் தம்பி என்னிடம் விட்டிருந்தான்.

"எட்டு சிலிண்டர் வேணும் சார்" என்றான் இளங்கோ.

"எதை வெச்சு எட்டுன்ற?"

"எப்பவும் ஆவறதுதான் சார்."

'எப்பவும் ஆவறது' என்பதைக் கேட்டதும் எனக்குள் இருந்த பேராசிரியர் எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் சாக்பீஸ் இருந்தது. (ஓய்வு பெற்றது நான்தான், பை இல்லை.) மண்டபத்துச் சமையலறைச் சுவரில் சமன்பாட்டை எழுதினேன். கேஸ் ஆக்சிஜனோடு எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஆகிறது. விளைந்த பொருள்களின் திட்ட உருவாதல் என்தால்பிகளை, அதாவது அவை உருவாகும்போது கைமாறும் வெப்பத்தை, கூட்டி, எரிந்த பொருள்களுடையதை அதிலிருந்து கழித்தால் எவ்வளவு வெப்பம் வெளிவரும் என்று தெரிந்துவிடும்.

"ஆக்சிஜனுக்கு எவ்ளோ, சொல்லு?"

"தெரியல சார்."

"பூஜ்யம்டா! அது தனிமம். பரீட்சையிலயும் இதையேதான் விட்ட."

"அப்பவே வரல சார், இப்ப எங்க வரப்போவுது" என்று சிரித்தான்.

ஒரு மோல் பியூட்டேனுக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு கிலோஜூல். சோற்றுக்கும் சாம்பாருக்கும் வேண்டிய வெப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

"நாலு சிலிண்டர் போதும்."

"சார், எனக்கு இது மொத கல்யாணம்..."

"கணக்கு மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்குது சார்."

நாலுதான் வாங்கினேன்.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. காலை டிபன் பிரமாதம். மாப்பிள்ளை வீட்டாரிடம் என்தால்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தாலி கட்டி முடித்து இலை போடும் நேரத்தில், கடைசி சிலிண்டரின் சுடர் குறுகி, ஒருமுறை துள்ளி, அணைந்தது. சோறு பாதி வெந்திருந்தது. சாம்பார் கொதிக்கவே இல்லை. ஏஜென்சி விடுமுறை. அக்கம்பக்கத்து வீட்டு சிலிண்டர்களை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வருவதற்குள் முதல் பந்திக்கு அந்தச் சோற்றையே போட்டுவிட்டார்கள். பிரான்சிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா வாயிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து, விரலில் வைத்துத் தம்பியிடம் காட்டினார். பிறகு எழுந்துவிட்டார். அவர் பின்னால் அந்த வரிசையே எழுந்தது.

தம்பி சமையலறைக்குள் பாய்ந்தான். நானும் ஓடினேன்.

"நெறஞ்ச சிலிண்டரை வெளிய அனுப்பிட்டு, தீர்ந்துபோனதை மாத்தி வெச்சியாடா?"

"ஐயோ, இல்லண்ணே! நான் எட்டு கேட்டேன். சாரையே கேளுங்க."

தம்பி திரும்பினான். சம்பந்திகள் திரும்பினார்கள். சுவரில் என் சமன்பாடு அழகான கையெழுத்தில் இருந்தது.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நான் கண்டுபிடித்தது எரிவதால் வரும் மொத்த வெப்பம். அதில் பாதி அண்டாவுக்குள் போகவே போகாது, பக்கவாட்டில் வழிந்து சமையலறைக் காற்றோடு போய்விடும். போதாததற்கு, கேஸ் எரிவதில் உண்டாகி ஆவியாகப் பறக்கும் நீரை நான் திரவமாகக் கணக்கில் சேர்த்து, வெப்பத்தைக் கூட்டிக் காட்டியிருந்தேன். முதலாண்டு மாணவன் செய்திருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன். "தப்பு என்னோடது" என்று சொன்னால் முடிந்தது. சம்பந்திகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கணக்குப்படி நாலு தாராளமா போதும்" என்றேன்.

அது பொய்யில்லை. இளங்கோ "சார்" என்று மட்டும் சொன்னான். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். தம்பியின் நண்பர்கள் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவர்கள் சொல்லக் கேட்டு மற்றவர்களும் கூப்பிடவில்லை.

தலை தீபாவளிக்குச் சம்பந்திகள் எல்லாரும் கூடியிருந்தபோது உண்மையைச் சொன்னேன். எட்டைக் குறைத்தது நான், தப்பு என் கணக்கில் என்றேன். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

"திருட்டுப் பையனுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறாரு பாருங்க எங்கண்ணன்!"

இல்லையப்பா என்று என்தால்பியை விளக்கினேன். யாருக்கும் புரியவில்லை. புரியாததால் என்மேல் நம்பிக்கை இன்னும் கூடியது. பிரான்சுப் பெரியப்பா கை கூப்பினார். கல்லூரியில் வகுப்பெடுத்த காலத்தில்கூட எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

மறுநாளே கோரிமேட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரி பஸ் நிற்கும் இடத்தில் தள்ளுவண்டியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தான் இளங்கோ.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்பா, தப்பு என்னோடதுன்னு."

"நம்புனாங்களா?"

"இல்ல."

தோசையைத் திருப்பிப் போட்டான். "நான் சொன்னப்ப நம்பல, சரி, திருடன். நீங்க சொல்லியும் நம்பலன்னா நான் இன்னா சார் பண்றது? அன்னைக்கே சொல்லியிருக்கணும். நவுருங்க, பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

நகர்ந்தேன்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் கேஸ் தீர்ந்தாலும் ஒரே கேள்விதான்: "இளங்கோ வந்துட்டுப் போனானா?" எல்லாரும் சிரிப்பார்கள். போன வாரம் எங்கள் வீட்டு அடுப்பு அணைந்தபோது என் பேத்தி அதையே கேட்டாள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பிறந்தவள். இளங்கோ யாரென்றே தெரியாது.

"இளங்கோ எதுவும் எடுக்கலம்மா. தாத்தாதான் காரணம்" என்றேன்.

"தாத்தா, நீங்க சிலிண்டர் திருடுவீங்களா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளேயிருந்து என் மருமகளும் சிரித்தாள்.