முத்திரை குத்தப்பட்ட என் தொண்டை

மதிப்பிற்குரிய அண்ணன் காலிபுக்கு, இர்பிதிலிருந்து தம்பி ஃபவ்வாஸ் சலாமுடன் எழுதுவது. அக்கபாவில் நீங்களும் அண்ணியும் நலம்தானே? இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம்.

வெள்ளிக்கிழமை என் மகன் லைத்துக்குப் பெண் கேட்கப் போகும்போது கூட்டத்தின் சார்பில் யார் பேசுவது என்று கேட்டதற்கு, "உன் தொண்டை ஓட்டைக் குழாய்டா, நீ பேசினா பொண்ணு வீட்டுக்காரங்க காப்பியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்று சொன்னீர்களே, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயாராகுங்கள். முப்பது வருஷம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவிய தொண்டை அண்ணே இது! பல்கலைக்கழகத்தில் அரபி பேசும் பெரியவர்களின் குரலுக்கும் குழந்தைகளின் குரலுக்கும் இயல்பான அளவு எது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம், இத்தனை நாளும் நம் தொண்டையை வெள்ளைக்காரன் தொண்டையோடு ஒப்பிட்டுத்தான் நோய் சொன்னார்களாம், கேட்டதும் பேத்தி ஜுமானையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஹனீன் என்றொரு மாணவி மரியாதையாகக் காப்பி கொண்டுவந்தாள். பெண் கேட்கவோ வேறு காரியமாகவோ போன இடத்தில் அந்த வீட்டார் 'சரி' என்று சொல்லுமுன் நம் குடும்பத்தில் யாராவது காப்பியைத் தொட்டதுண்டா? கோப்பையைக் கீழே வைத்து, "ஒரு கோரிக்கையோட வந்திருக்கேன் மகளே. சம்மதம்னு சொன்னாத்தான் குடிப்பேன்" என்றேன். அவள் முகம் சிவந்துபோய், "மாமா, எனக்குப் போன மாசமே நிச்சயமாயிடுச்சு!" என்று பேராசிரியரைக் கூப்பிட ஓடினாள். ஜுமான் சும்மா இருப்பாளா? "தாத்தா, பொண்ணு உனக்கா?" என்று கூடம் அதிரக் கேட்டாள். மானம் போயிற்று.

நான் கேட்க வந்தது என் தொண்டைக்கு ஒரு சான்றிதழ்தான் என்று புரிந்து எல்லாரும் சிரித்து முடித்தபின் ஒலி புகாத அறையில் உட்காரவைத்து 'ஆ' சொல்லச் சொன்னார்கள். நான் தொடங்கியதும், "மாமா, தக்காளி விக்காதீங்க, சும்மா சொல்லுங்க" என்றாள் ஹனீன். சும்மா சொன்னேன். பத்தொன்பது விநாடி! ஜுமான் ஐந்தாவது விநாடியில் சிரித்துவிட்டாள், ஆனாலும் அவள் குரலின் சுருதி என்னுடையதைவிட இரண்டு மடங்கு உயரமாம், என் இரத்தமல்லவா! கடைசியில், "ரெண்டு பேர் குரலும் இயல்பா இருக்கு" என்றார் பேராசிரியர். எழுதித் தந்து முத்திரை குத்தும்வரை நாற்காலியைவிட்டு எழவில்லை. அப்புறம்தான் ஆறிப்போன காப்பியைக் குடித்தேன். இனி இந்த ஊரில் எவனுக்குத் தொண்டை கட்டினாலும் என் தொண்டையை வைத்துத்தான் அளப்பார்கள். பெருமையாக இருக்கிறது அண்ணே, மறைக்க மாட்டேன். ஆகவே வெள்ளிக்கிழமை நான்தான் பேசுவேன்.

அண்ணிக்கு என் சலாம். இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், தம்பியை ஒப்புக்கொள்ளும் மனசையும் தரட்டும்.

பி.கு.: கடிதத்தில் கையெழுத்துப் போட்டபின் மொட்டை மாடியில் ஏறி அந்த முத்திரை குத்திய தாளைத் தெரு முழுக்கக் கேட்கும்படி மூன்று தடவை படித்தேன். இப்போது தொண்டையில் வெறும் காற்றுதான் வருகிறது. வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். நீங்களே பேசுங்கள் அண்ணே. நான் பக்கத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.