லோகமெல்லாம் நன்றாக இருக்கட்டும், குறுக்கே பேசாதே

உலகத்தின் மேல் அன்பு வைத்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மேல் அவர்களுக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. உலகத்தைப் பார்க்கிற அவசரத்தில் அவர் இவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் மரக்காணத்தில் இந்த இனத்துக்குச் சிவப்பிரகாசம் ஒருவர் போதும். உப்பளக்காரர். ஏதோ ஒரு தியான முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து, சாயங்காலமானால் அளத்தின் வரப்பில் பாயை விரித்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடி, உள்ளங்கைகளை வானத்துக்குக் காட்டி, ‘லோகாஸ் ஸமஸ்தாஸ் ஸுகினோ பவந்து’, அதாவது எல்லா உலகமும் சுகமாக இருக்கட்டும் என்று அடிவயிற்றிலிருந்து இழுப்பார். மூன்று தரம் சொல்ல வேண்டுமாம். நடுவில் யாராவது பேசிவிட்டால் பலன் போச்சு, மறுபடி முதலிலிருந்து. இது முகாமில் சொன்னதா, அவரே போட்ட சட்டமா, யாருக்குத் தெரியும்?

ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன்.

“மேற்கே கொல்லையில கடலை போட்டவங்க மழை வேணும்ங்கிறாங்க. நீங்க வேணாம்ங்கிறீங்க. எல்லாரும் எப்படிங்க சுகமா இருக்கிறது?”

“அத மேல இருக்கறவன் பாத்துப்பான்யா. சொல்றது மட்டும்தான் நம்ம டூட்டி.”

டூட்டியில் அவரைக் குறை சொல்ல முடியாது. போன சித்திரையில் ஒரு மாலை, நானும் அங்கே இருந்தபோது, மேற்கே மேகம் கறுத்துத் திரண்டது. கிழக்கே பார்த்தவருக்கு அது எப்படித் தெரியும்? அவருடைய உப்பை ஆட்கள் மத்தியானமே மூடிவிட்டிருந்தார்கள். பக்கத்துப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த பாஞ்சாலையின் உப்புதான் வரப்பில் திறந்து கிடந்தது. அந்தப் பருவம் முழுக்க அவள் வெயிலில் நின்று வாரிச் சேர்த்த குவியல். அவளுடைய தார்ப்பாய் கிழிந்து கந்தலாகியிருந்தது. சிவப்பிரகாசத்தின் கொட்டகையில் இரண்டு தார்ப்பாய் சும்மா இருந்தன. சாவி அவர் இடுப்பில்.

“அண்ணே, மழை வருதுண்ணே! தார்ப்பாய் ஒண்ணு குடுண்ணே!” என்று ஓடி வந்தாள்.

இரண்டாம் தரத்தில் இருந்தவர், கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“அண்ணே, தூறல் போடுதுண்ணே!”

மறுபடி முதலிலிருந்து.

பாவம், அவள் கெஞ்சக் கெஞ்ச உலகத்துக்கு நன்மை கூடிக்கொண்டே போனது. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அதற்கும் ஒரு தரம் புதிதாகத் தொடங்கினார். பாஞ்சாலை தன் புடவை முந்தானையை விரித்துக் குவியலின் மேல் கவிழ்ந்து படுத்தாள். ஒரு முந்தானை எவ்வளவு உப்பை மூடும்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாந்தி, சாந்தி, சாந்தி என்று முடித்து அவர் கண்ணைத் திறந்தபோது வரப்பில் வெள்ளைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“அடடா! உன்னையும் சேத்துத்தாம்மா வேண்டிக்கிட்டிருந்தேன்” என்றார், நெஞ்சில் கை வைத்து. பொய் இல்லை, உண்மையாகவே வேண்டியிருந்தார்.

பாஞ்சாலை எழுந்து முந்தானையைப் பிழிந்தாள். “அடுத்த தபா என்னை மட்டும் விட்டுடுண்ணே” என்றாள்.

நல்ல ஆள் ஐயா இவர் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து வீட்டுக்குள்ளிருந்து யாரோ உங்களை இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்கள். நீங்களும் தலையைத் தூக்காமல் ஒரு விரலைக் காட்டினீர்கள். எழுந்து போய் என்னவென்று பாருங்கள்.