பென்ஷன் குறைந்த கதை

1966ஆம் வருஷம் ஜூன் மாதம் ஆறாம் தேதி இந்திய ரூபாய் விழுந்தது. அன்றைக்கே நான் எழுந்தேன்.

எழுந்தது காலை பதினொரு மணிக்கு. அது என் வழக்கம். பினாங்குத் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கில் இருபத்தாறு வருஷம் ராத்திரி வேலை பார்த்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் கோடு போடுவது என் உத்தியோகம். நாலு கோடு, குறுக்கே ஒன்று, ஆக அஞ்சு மூட்டை. விடிந்தால் படுக்கை. ஐம்பத்திரண்டு வயதில் கம்பெனி என்னைப் பென்னாகரத்துக்குத் திருப்பி அனுப்பியது. வேலை நின்றுவிட்டது. முழிப்பு நிற்கவில்லை. ஊர் தூங்கும்போது நான் முழித்திருப்பேன். ஊர் முழித்ததும் நான் படுத்துவிடுவேன். இப்படிப்பட்டவனுக்கு எத்தனை சிநேகிதர்கள் கிடைப்பார்கள்? எனக்கு மூன்று பேர் கிடைத்தார்கள். மூன்றுக்கும் வால் உண்டு.

கம்பெனி எனக்கு மாசம் ஏழு பவுன் பென்ஷன் கொடுத்தது. இங்கிலீஷ் பவுன். உயிருள்ள மட்டும் ஏழு. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஏழு பவுன் என்று கேள்விப்பட்ட எங்கள் சம்பந்தி, மாசாமாசம் தங்கம் வருகிறது என்று நினைத்து, மாப்பிள்ளைக்கு இன்னொரு மோதிரம் கேட்டுப் பார்த்தார். லண்டனில் ஏழாகக் கிளம்புவது மெட்ராஸில் ரூபாயாகி, மணியார்டரில் எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது தொண்ணூற்று மூன்று ரூபாய். அதை அப்படியே என் மனைவி குள்ளம்மாளிடம் கொடுத்துவிடுவேன்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருஷம். சேர்ந்து குடித்தனம் செய்தது எத்தனை நாள் என்று மட்டும் கேட்காதீர்கள். அஞ்சு வருஷத்துக்கு ஒரு லீவு. நான் இல்லாமலே அவள் கிணறு வெட்டினாள். ஓடு மாற்றினாள். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். நான் திரும்பி வந்தபோது அந்த வீட்டில் எனக்கென்று ஒரு வேலைகூட மிச்சமில்லை. உப்பு எங்கே என்று கேட்டால், "நீங்க உக்காருங்க, நான் எடுத்தாரேன்" என்பாள். தனக்குக் களி கிண்டிக்கொண்டு எனக்கு மட்டும் அரிசிச் சோறு வடிப்பாள். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அதுதான் குறை. தாசில்தார் வந்திருந்தாலும் அப்படித்தான் கவனித்திருப்பாள்.

பினாங்கில் அப்துல் சுபான் இருந்தான். பதினெட்டு வருஷம் என் பக்கத்தில் நின்று மூட்டை எண்ணியவன். இப்போது துறைமுகத்து வாசலில் தேத்தண்ணிக் கடை போட்டிருந்தான். "கிரி, படுக்க இடம் இருக்கு, வந்து சேர்" என்று எழுதுவான். என் பேர் தீர்த்தகிரி. கிரி என்று கூப்பிட இந்த ஊரில் ஆள் கிடையாது. இங்கே நான் 'பினாங்குக்காரர்'. அங்கே இருந்த இருபத்தாறு வருஷமும், சேலம் ஜில்லாக்காரன் என்பதால், 'சேலத்தான்'.

ஆகவே அந்த ஜூன் மாதம், டீக்கடையில் பேப்பரைப் படித்துவிட்டு எல்லோரும் தலையில் கை வைத்திருந்தபோது, நான் மட்டும் பென்சிலை எடுத்தேன். ஒரு பவுனுக்குப் பதிமூன்று சொச்சம் இருந்தது இனிமேல் இருபத்தொன்று. ஏழால் பெருக்கினேன். நூற்று நாற்பத்தேழு! நாட்டுக்கே நஷ்டம், எனக்கு மட்டும் லாபம். பாஸ்போர்ட்டு, கப்பல் தளத்தில் படுத்துப் போகிற டெக் டிக்கெட்டு, கைச்செலவு எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் வேண்டும். யாருக்கும் தெரியாமல் சேர்ப்பது, கப்பல் ஏறுவது என்று அங்கேயே சபதம் செய்தேன். டீக்குக் காசு கொடுக்க மறந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு வரும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"ஏங்க, ரூவா மதிப்பு கொறஞ்சுபோச்சாமே?"

"ஆமா குள்ளம்மா. நம்ம பென்ஷனுக்கும் அடி."

"நம்ம பென்ஷனு சீமையில இருந்தில்ல வருது?"

"சீமையில இருந்து வந்தா? ரூவாயா மாறித்தான வரணும்? ரூவாதான் விழுந்துபோச்சே. இனிமே எம்பதுதான்."

"பதிமூணு ரூவா போச்சுங்களா? எப்பிடிங்க?"

"அது உலகப் பொருளாதாரம். உனக்குப் புரியாது."

"அப்டிங்களா" என்றாள்.

அந்த 'அப்டிங்களா'வை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த வேலை தபால்காரர் தாவூதைச் சரிக்கட்டுவது. மணியார்டரை வீட்டுக்குக் கொண்டுவராதே, நானே தபாலாபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"வாங்கிக்கங்கண்ணே. அண்ணி வழியில பாத்துக் கேட்டா?"

"எம்பதுன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றீங்களே! நோம்பு மாசம் வந்தா என்னா பண்றது?"

"நோம்புக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்குது தாவூது."

தாவூது நல்லவன். என் பேரில் ஒரு சேமிப்புப் புஸ்தகம் போட வைத்து, அதைத் தன் பெட்டியிலேயே பத்திரப்படுத்தினான். மாசம் அறுபத்தேழு ரூபாய் அதில் ஏற ஆரம்பித்தது.

ஊர் எனக்குத் துக்கம் விசாரித்தது. "மனசத் தளர வுடாதீங்க" என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் முதுகைத் தட்டினார். சவரம் செய்கிறவர் ஒரு மாசத்துக்குப் பாதிக் காசுதான் வாங்கினார். மூன்று வருஷமாக என்னோடு பேசாதவர்கள் எல்லாம் பேசினார்கள். நான் பணக்காரன் ஆகிக்கொண்டிருந்தேன். ஊரே எனக்காக உச்சுக் கொட்டியது. அது சுகமாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தைவிடச் சுகம் கொஞ்சம் கூட.

வீட்டில்தான் சுகம் இல்லை. குள்ளம்மாள் சிக்கனத்தில் இறங்கிவிட்டாள். அரிசி நின்றது. எனக்கும் களி வந்தது.

"என்ன இது?"

"உலகப் பொருளாதாரமுங்க" என்றாள்.

எழுந்ததும் களி, ராத்திரி களி, நடுவில் நீர்மோர். அதில் மோர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். சபதத்தை நினைத்துக்கொண்டு விழுங்கினேன். ஆறு மாசம் அப்படி ஓடியது.

தை பிறந்ததும் ஒரு விடிவு வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மாரப்பன் என்று ஒருவன் கிளப்புக் கடை வைத்திருந்தான். அதுவரை அங்கே கல் மாதிரி இட்லியும் தண்ணீர் மாதிரி சாம்பாரும்தான். ஒரு நாள் அந்த வழியே போகும்போது வாசனை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். அரிசிச் சோறு, மொச்சைக் குழம்பு. வாரத்துக்கு ஒரு நாள் கோழி. முதல் வாய் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று மாரப்பனிடம் சொன்னேன்.

"சமையலுக்குப் புது ஆளா?"

"ஆமாங்கண்ணா. காலையில வந்து ஆக்கி வெச்சுட்டுப் போயிருவாங்க."

"எந்த ஊர்க் கை இது?"

"இந்த ஊர்க் கைதானுங்க" என்று சொல்லிவிட்டு மாரப்பன் எதற்கோ சிரித்தான்.

அதற்கப்புறம் தினம் ஒரு மணிக்குக் கிளப்பு. என் சேமிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். அங்கே உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வரும். "இந்தக் கைக்கு வளையல் செஞ்சு போடலாம்டா" என்பேன். "புளியக் கரைக்கிறதுல ஒரு கணக்கு இருக்கு, இந்தம்மாவுக்கு அது தெரிஞ்சிருக்கு" என்பேன். பினாங்கில் தின்ற சோற்றை எல்லாம் அதோடு ஒப்பிட்டுச் சொல்லுவேன். ஒரு நாள் இதையும் சொன்னேன்: "மாரப்பா, இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு கொழம்புதான். அதுவும் யாரோ முகம் தெரியாத பொம்பள வெச்சது." மாரப்பன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினான். காசு வாங்கவில்லை.

1967 நவம்பரில், கார்த்திகை மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு திங்கட்கிழமை, பேப்பரில் இன்னொரு இடி. இந்தத் தடவை விழுந்தது பவுன். இருபத்தொன்றிலிருந்து பதினெட்டு. மாசம் இருபத்தொரு ரூபாய் எனக்கு நிஜமாகவே நஷ்டம். தாவூதிடம் எண்ணூறு சேர்ந்திருந்தது. இன்னும் இருநூறு வேண்டும். அந்த இருநூறு எங்கே போனது என்று என் வயிற்றைக் கேட்டால் சொல்லும். நிஜமான துக்கம் வந்துவிட்டது. ஆனால் யாரிடம் போய் அழுவது? ஏற்கனவே அழுது முடித்தாயிற்றே. தொங்கின முகத்தோடு வீட்டுக்கு வந்தேன். தொங்கப் போட வேண்டிய அவசியம் இல்லாமல் அதுவே தொங்கியது.

குள்ளம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏங்க, வெள்ளக்காரன் பணம் விழுந்திருச்சாமே?"

"ஆமா."

"அப்ப நமக்கு ஏறணுமில்ல?"

"என்னது?"

"போன வருசம் நம்ம ரூவா விழுந்துச்சு, பென்ஷனு கொறஞ்சுச்சுன்னீங்க. இப்ப அவன் பவுனு விழுந்திருக்கு. தராசுல இந்தத் தட்டு எறங்குனா அந்தத் தட்டு ஏறித்தான ஆவணும்?"



"அது அப்படி இல்ல குள்ளம்மா. உலகப் பொருளாதாரம்…"

"அன்னிக்கும் அதையேதான் சொன்னீங்க. அன்னிக்கு எறக்குன பொருளாதாரம் இன்னிக்கு ஏத்தட்டும்."

"சரி, ஒரு அஞ்சு ரூவா ஏறும்னு நெனைக்கிறேன்."

"அஞ்சுங்களா?"

"பத்து."

நிலைப்படியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"பதிமூணு! பழையபடி தொண்ணூத்தி மூணு. போதுமா?"

"ஏழு பதினெட்டு எவ்வளவுங்க?"

"நூத்தி இருபத்தாறு."

இருபத்தாறு வருஷம் எண்ணிப் பழகிய வாய். என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"போன மாசம் வரைக்கும், ஏழு இருபத்தொண்ணு?"

நான் மழையைப் பார்த்தேன். மழையும் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"போன நோம்புக்கே தெரியும். மொத நாளே தாவூது வந்து சொல்லிட்டான், பாவம். பொய் சொல்லிச் சொல்லி ஆறு மாசமா அவனுக்குச் சோறே எறங்கலயாம்."

"பதினோரு மாசமா தெரிஞ்சுக்கிட்டு ஏன் கேக்கல?"

அவள் உள்ளே போய்த் தட்டு கொண்டுவந்து வைத்தாள். களி இல்லை. சோறு. மேலே குழம்பு. ஒரு வாய் வைத்தேன்.

"மாரப்பன் கிளப்புக் கொழம்பு!"

"என் கொழம்பு. அவன் கிளப்பு" என்றாள்.

காலை ஆறு மணிக்கு நான் படுப்பேன். அவள் காட்டு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்புவாள். எந்தக் காட்டுக்கு என்று நான் கேட்டதே இல்லை. ஊருக்கெல்லாம் தெரியுமாம்.

"வந்ததுல இருந்து மூணு வருசம் இதே கொழம்பத்தான் ஊத்துனேன். மூஞ்சிக்கு நேரா பேப்பரப் புடிச்சுக்கிட்டுத் தின்னீங்க. ஒரு வார்த்த சொன்னதில்ல. காசு குடுத்துத் தின்னா மட்டும் பேச்சு வருது உங்களுக்கு. கைக்கு வளையல் போடறேன்னீங்களாமே!"

"மாரப்பன் சொன்னானா?"

"தெனமும் பொழுது சாய, நீங்க டீக்கடைக்குப் போனதும் வந்து சொல்லிட்டுப் போவான். இன்னிக்கு அண்ணன் இதச் சொன்னாரு, அதச் சொன்னாருன்னு." முந்தானையால் தட்டுக்குப் பக்கத்தில் சிந்தியிருந்த குழம்பைத் துடைத்தாள். "கேட்டிருந்தா கிளப்புக்குப் போறத நிறுத்தியிருப்பீங்க. அப்பறம் அவன் வந்து என்னத்தச் சொல்லுவான்?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? பினாங்குக்குப் போகத்தான் சேர்த்தேன் என்று சொன்னேன். ஆயிரத்துக்கு எண்ணூறு இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவள் எழுந்து போய், ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து என் முன்னால் அவிழ்த்தாள். கசங்கின நோட்டுகள். ஒவ்வொன்றும் என்னோடு பழகியதுதான்.

"நீங்க தின்ன காசு. கறிகாய் செலவு போவ இருநூறு இருக்குது. போறதுன்னா போங்க."

சண்டை போடுவாள் என்றுதான் ஒன்றரை வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அழுதால் என்ன சொல்வது, தடுத்தால் என்ன சொல்வது, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. போங்க என்றால் என்ன சொல்வது?

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள். "ஒத்த டிக்கெட்டுங்களா, போக வரவாங்களா?"

நான் கணக்குப் போட்டது ஒற்றை டிக்கெட்டுக்கு. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே வாய்விட்டுச் சொன்னதில்லை. இவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷம் எத்தனையோ தடவை இப்படிக் காத்திருப்பாள். அதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"போகல" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. இது என் முடிவு. நான் எங்கயும் போகல."

இந்த வீட்டில் நான் எடுத்த முதல் முடிவு. குரல்கூடக் கம்பீரமாகத்தான் வந்தது. குள்ளம்மாள் நோட்டுகளைத் திரும்பவும் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்பச் சரி, அந்த எண்ணூற நாளைக்கே எடுத்தாந்திருங்க. ஏரியூர்ல எருமைக்கு அட்வான்சு குடுத்து நாலு நாளாச்சு."