ஆடு துலுக்காத பள்ளிக்கூடம்

கிடாய் துலுக்கவில்லை.

கருப்பணார் கோயில் பூசாரி மஞ்சள் தண்ணீரை இரண்டாம் தடவையும் அதன் முதுகில் தெளித்துவிட்டு, "போர்டு ஐஸ்கூல்ல சேத்தலாமா சாமி?" என்று கேட்டார். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்ததாக அர்த்தம். அது வேப்பிலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது.

சின்னண்ணனுக்கு வியர்த்தது.

மகள் வசந்தாமணி எட்டாவது தேறிவிட்டாள். மேட்டூர் அணை திறந்து மூன்று வருஷம் ஆகியும் அந்த ஊரில் எட்டைத் தாண்டிய பெண் கிடையாது. சர்க்கார் முத்திரை விழுந்த எதன்மேலும் சின்னண்ணனுக்குத் தனி மதிப்பு. திருச்செங்கோட்டுப் போர்டு ஹைஸ்கூல்தான் என்றார். வண்டி கட்டினால் பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும். மனைவி ஆத்தாயிக்கோ சேலத்தில் ஒரு தனியார் பெண்கள் ஹைஸ்கூல். விடுதி உண்டு, பையன்கள் இல்லை, இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. பதினைந்து நாளாகப் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சின்னண்ணனின் அண்ணன் செங்கோட்டையன் நடுவில் புகுந்தார். இரண்டு பள்ளிக்கூடத்தையும் சாமியிடம் கேட்போம், எதற்கும் கிடாய் துலுக்காவிட்டால் படித்தது போதும், தை மாசம் கல்யாணம் என்றார். மாப்பிள்ளை அவருடைய மச்சினன் மகன்தான். புருஷனும் பெண்டாட்டியும் உடனே சரி என்றார்கள். அந்த வேகத்தைப் பார்த்தே யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காதை இறுக்கிப் பிடித்தால் ஆடு உடம்பை உதறாது. ஆடு வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். கிடாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பண்ணையாள் காத்தானிடம், சேலம் என்று கேட்கும்போது மட்டும் காதை விடாதே, புதுத் துண்டு ஒன்று வாங்கித் தருகிறேன் என்று முந்தின நாளே சின்னண்ணன் சொல்லிவைத்திருந்தார். சாமிக்குச் செய்கிற சின்ன ஒத்தாசை என்று மனசைத் தேற்றியும் கொண்டார்.

ஆகவே சேலத்துக்குத் துலுக்காதது அவருடைய ஏற்பாடு. போர்டுக்கு ஏன் துலுக்கவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, குடத்தையே வாங்கிக் கவிழ்த்தார். கிடாய் மடங்கிப் படுத்துக்கொண்டது. தூக்கி நிறுத்தினால் கத்தியது. செங்கோட்டையன் அதற்குள் பந்தல் எத்தனை கால் போடலாம் என்று பூசாரியிடம் யோசனை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணத்தைவிடச் சேலமே மேல் என்று சின்னண்ணனுக்குப் பட்டது. காத்தானைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, "சேலத்தையே இன்னொருக்காக் கேளுங்க" என்றார்.

"வேண்டாமுங்க, போர்டையே கேளுங்க" என்றாள் ஆத்தாயி, அதே நொடியில்.

பதினைந்து நாள் சண்டை தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்த காத்தான், எதற்கும் இருக்கட்டும் என்று கிடாயின் இன்னொரு காதையும் பிடித்துக்கொண்டான். கிடாய் எதற்கும் அசையவில்லை.

"சாமிக்கே இஷ்டமில்லை. வுடுங்க" என்று செங்கோட்டையன் எழுந்தார்.

பொங்கல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த வசந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். செம்பில் தண்ணீர் மொண்டாள். கிடாயின் தலைமாட்டில் குனிந்து என்னவோ முணுமுணுத்தாள். சாமியை வேண்டிக்கொள்கிறாள் என்று பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கருப்பணாரே, எந்தப் பள்ளிக்கூடம்னு நானே பாத்துக்கறேன். படிக்கப் போகட்டுமா?"

பதின்மூன்று வயசுப் பெண் இத்தனை பேர் நடுவில் குரல் நடுங்காமல் கேட்டாள். தண்ணீர் விழுந்ததுதான் தாமதம், கிடாய் மூக்கிலிருந்து வால்வரை உதறியது. மஞ்சள் தண்ணீரில் பாதி செங்கோட்டையனின் வெள்ளை வேட்டியில் விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

போர்டு ஹைஸ்கூல்தான் என்றாள் வசந்தாமணி. ஒரு மாசம் முன்பே இரண்டு இடத்துக்கும் கார்டு எழுதிக் கேட்டிருக்கிறாள். சேலத்தில் மேல் வகுப்பில் கணக்குக்குப் பதில் தையலாம். அவளுக்குக் கணக்குதான் வேண்டுமாம். இந்தப் பிள்ளைக்கா நாம் பள்ளிக்கூடம் தேடினோம் என்று சின்னண்ணனுக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிறையப் பெருமையாகவும் இருந்தது. ஆத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதினைந்து நாளைக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

எல்லாரும் போன பிறகு சின்னண்ணன் காத்தானிடம் துண்டை நீட்டினார். அவன் தோளில் ஏற்கெனவே இரண்டு புதுத் துண்டு கிடந்தது.

"நாம செஞ்சதெல்லாம் தப்பு காத்தா. கடைசீல சாமிதான் துலுக்க வெச்சுது" என்று கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார்.

காத்தான் மூன்றாவது துண்டையும் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஆமாங்க பண்ணாடி. சேலத்துக்குப் புடிச்சுக்கோன்னு நீங்க சொன்னீங்க. போர்டுக்குப் புடிச்சுக்கோன்னு ஆத்தா சொன்னாங்க. ரெண்டுக்குமே புடிச்சுக்கோன்னு உங்க அண்ணாரு சொன்னாருங்க. அம்மிணி ஒருத்திதானுங்க கிட்ட வந்து, 'காதை உட்ரு'ன்னு சொல்லுச்சு."